எச்.ஐ.வி.யும் எதிர்ப்புச் செல்களின் பசியும்

1986ஆம் ஆண்டு சென்னையில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி ஒருவர் திரட்டிய அம்மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் இத்தொற்று இருப்பதற்குக் கிடைத்த முதல் சான்று அதுவே. அன்று தொடங்கி, இந்நோய் குறித்த பொதுப்பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்திருக்கிறது: யாருக்கு வந்தது, எப்படி வந்தது? அக்கேள்விக்குள் ஒழுக்கத் தீர்ப்பு ஒன்று எப்போதும் ஒளிந்திருக்கிறது.

நாம் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி உண்டு. வைரஸ் உடலுக்குள் நுழைந்தபின் என்ன நடக்கிறது? சிகிச்சை பெறாத நிலையில், தொற்று ஏற்பட்டவர் எய்ட்ஸ் நிலையை அடையச் சராசரியாகப் பத்தாண்டுகள் ஆகின்றன. ஆனால், சிலர் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே நோயில் வீழ்கின்றனர். நூற்றில் ஒருவருக்கும் குறைவானோர் மருந்தே இல்லாமல் பல்லாண்டுகள் வைரசைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றனர். இந்த வேறுபாட்டுக்கு ஊரில் கிடைக்கும் விடைகள் நமக்குத் தெரிந்தவையே. 'அவருக்கு உடம்பு தாங்கும்', 'இவருக்கு ரத்தத்தில் வலுவில்லை', 'எல்லாம் தலையெழுத்து'. பிறப்பே உடலின் தகுதியைத் தீர்மானிக்கிறது என்ற பழைய நம்பிக்கையின் சாயல் இவ்விடைகளில் இருப்பதை நாம் எளிதில் அடையாளம் காண்போம்.

மரபணுக்களுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. மருந்தின்றி வைரசைக் கட்டுப்படுத்துவோரிடம் குறிப்பிட்ட சில மரபணு வகைகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. ஆயினும் கதை அங்கே முடிவதில்லை. நோய் எதிர்ப்புச் செல்கள் எதை உண்கின்றன, எப்படி ஆற்றல் பெறுகின்றன, எப்போது களைத்துப்போகின்றன என்பதும் இந்நோயின் போக்கைத் தீர்மானிக்கிறது என்று கடந்த பதினைந்து ஆண்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. செல்லின் இந்த ஆற்றல் வரவுசெலவையே வளர்சிதை மாற்றம் என்கிறோம். அதை விளக்குவதும், அந்த அறிவு நம் உரிமைக் கோரிக்கைகளுக்கு எவ்வாறு துணை நிற்கிறது என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

வெறுங்கையோடு வரும் வைரஸ்

1983ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் கண்டறியப்பட்ட இவ்வைரசிடம் இருப்பவை ஒன்பதே மரபணுக்கள். மனித உடலின் ஒரு செல்லில் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உள்ளன. வைரசுக்கு வயிறில்லை, மூச்சில்லை. ஆற்றலைத் தானே உண்டாக்கும் வழியும் இல்லை. தன் மரபுக் குறிப்பை ஆர்.என்.ஏ. வடிவில் சுமந்துவரும் அது, சி.டி.4 என்னும் புரதத்தையும் சி.சி.ஆர்.5 போன்ற துணைப் புரதத்தையும் பற்றிக்கொண்டு நோய் எதிர்ப்புச் செல்லுக்குள் நுழைகிறது.

உள்ளே வந்ததும் அதன் முதல் வேலை, தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதுவது. அதற்குரிய நொதியை அது தன்னுடனேயே கொண்டுவருகிறது. ஆனால் எழுதுவதற்கான எழுத்துகளைக் கொண்டுவருவதில்லை. வைரசின் மரபுக் குறிப்பின் நீளம் ஏறக்குறைய 9,700 எழுத்துகள். அதை இரட்டை இழை டி.என்.ஏ.வாக்க 20,000க்குச் சற்றுக் குறைவான கட்டுமானத் துண்டுகள் வேண்டும். அத்தனையையும் அது செல்லின் இருப்பிலிருந்தே எடுக்க வேண்டும். பின்னர் அந்த டி.என்.ஏ. செல்லின் கருவுக்குள் சென்று, நம் மரபணுத் தொகுதியோடு இணைந்து, புதிய வைரஸ்களை உருவாக்கும் ஒவ்வொரு படிக்கும் செல்லின் ஆற்றலே செலவாகிறது. ஆகவே இருப்பு நிறைந்த செல் வைரசுக்கு வாய்ப்பான இடம்; இருப்பு வற்றிய செல் அதற்குப் பொறி.

உறங்கும் செல்லும் விழித்த செல்லும்

நம் ரத்தத்தில் உள்ள சி.டி.4 செல்களில் பெரும்பாலானவை எந்நேரமும் ஓய்வு நிலையில் உள்ளன. ஓய்விலிருக்கும் செல்லுக்குச் செலவு குறைவு. அது குளுக்கோசையும் கொழுப்பையும் சிறிதளவே எடுத்து, மைட்டோகாண்ட்ரியா என்னும் உள்ளுறுப்பில் ஆக்சிஜனோடு சேர்த்து மெல்ல எரிக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. மூலக்கூறுகள் இவ்வழியில் கிடைக்கின்றன. ஏ.டி.பி. என்பதைச் செல்லின் அன்றாடச் செலவுக்கான சில்லறைக் காசு எனலாம்.

கிருமி ஒன்றை அடையாளம் கண்டுகொண்டதும் அச்செல் விழித்தெழுகிறது. அளவில் பெருக்கிறது, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிச் சில நாள்களில் பெரும்படையாகிறது. அப்போது அதன் உணவுமுறையே மாறிவிடுகிறது. எம்டார் என்னும் கட்டுப்பாட்டுப் புரதம் முடுக்கப்படுகிறது. குளுக்கோசை உள்ளே விடும் வாயிலான குளுட்1 என்னும் புரதம் செல்லின் மேற்பரப்பில் பெருகுகிறது. உள்ளே வந்து குவியும் குளுக்கோஸ் முழுவதும் எரிக்கப்படுவதில்லை. அதன் பெரும்பகுதி விரைவாக உடைக்கப்பட்டு லாக்டிக் அமிலமாக வெளியேறுகிறது. இவ்வழியில் ஒரு குளுக்கோசிலிருந்து கிடைப்பவை இரண்டே ஏ.டி.பி.க்கள்.

30 கிடைக்கக்கூடிய இடத்தில் இரண்டோடு நிற்பது ஏன்? முதற்காரணம் வேகம். இரண்டாவது காரணம் கட்டுமானம். வீடு கட்டுபவர் கையிலுள்ள மரத்தையெல்லாம் அடுப்பில் எரித்துவிட்டால் உத்திரத்துக்கு மரம் மிஞ்சாது. பெருகும் செல்லுக்குப் புதிய டி.என்.ஏ., புதிய புரதம், புதிய சவ்வு எல்லாம் வேண்டும். குளுக்கோசை முழுவதும் எரிக்காமல் இடைவழியில் திருப்பிவிட்டால்தான் அவற்றுக்கான மூலப்பொருள் கிடைக்கும். புற்றுநோய்ச் செல்களும் இதையே செய்கின்றன என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்தார்.

இப்போது வைரசின் நிலையிலிருந்து பார்ப்போம். ஓய்விலிருக்கும் செல்லுக்குள் அது நுழைந்தாலும் டி.என்.ஏ. எழுதத் துண்டுகள் கிடைப்பதில்லை. அத்துண்டுகளை உடைத்து இருப்பைக் குறைத்து வைத்திருக்கும் சாம்எச்டி1 என்னும் புரதம் எச்.ஐ.வி.க்குத் தடையாக இருப்பதை 2011ஆம் ஆண்டு இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வேறுவகை எதிர்ப்புச் செல்களில் கண்டறிந்தன. ஓய்விலுள்ள சி.டி.4 செல்களிலும் அதே தடை செயல்படுவது அடுத்த ஆண்டில் தெரியவந்தது. விழித்தெழுந்த செல்லில் அத்தடை தளர்ந்துவிடுகிறது. குளுக்கோசிலிருந்து புதிய துண்டுகள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. நோயை எதிர்க்க உடல் திரட்டும் வளங்களே வைரசுக்கும் உணவாகின்றன.

குளுட்1 வாயில் மிகுந்த செல்களே எச்.ஐ.வி.க்கு எளிதில் இரையாவதை 2012இல் ஆய்வாளர்கள் காட்டினர். 2019இல் பாஸ்டர் நிறுவனக் குழு இன்னும் ஒரு படி சென்றது. வெளித்தோற்றத்தில் ஒரே வகையைச் சேர்ந்த சி.டி.4 செல்களுக்குள்ளும், வளர்சிதை மாற்றம் எதில் மிகுந்துள்ளதோ அதையே வைரஸ் தேர்ந்தெடுக்கிறது என்பது அவர்களுடைய முடிவு. குளுக்கோஸ் உடைபடுவதையும் குளுட்டமின் என்னும் அமினோ அமிலம் பயன்படுவதையும் ஆய்வகத்தில் தடுத்தபோது தொற்று குறைந்தது. ஏற்கெனவே தொற்று ஏற்பட்ட செல்களும் பிழைக்க இயலாமல் போயின.

தொற்றாத செல்கள் ஏன் சாகின்றன?

எச்.ஐ.வி. தொற்றியவரின் உடலில் சி.டி.4 செல்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றன. ஆயினும் ஒரு நேரத்தில் உண்மையில் வைரசைப் பெருக்கிக்கொண்டிருக்கும் செல்கள் மிகச் சிலவே. மற்றவை ஏன் சாகின்றன என்பது பல்லாண்டுகள் விடையில்லாக் கேள்வியாக இருந்தது.

2014இல் சான்பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் நிறுவன ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விடை தந்தனர். நிணநீர்த் திசுவில் சாகும் சி.டி.4 செல்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை ஓய்வு நிலையில் இருந்தவை. வைரஸ் அவற்றுக்குள் நுழைகிறது; துண்டுகள் போதாமல் டி.என்.ஏ. எழுதும் வேலை பாதியில் நிற்கிறது. அரைகுறையாக எழுதப்பட்ட டி.என்.ஏ.வைச் செல்லின் எச்சரிக்கை அமைப்பு கண்டுபிடிக்கிறது. உடனே அச்செல் தன்னைத்தானே வெடிக்கச் செய்து மடிகிறது. வைரஸ் பெருகுவதைத் தடுப்பதற்கான தற்காப்பு அது. ஆனால் வெடிக்கும்போது வெளிப்படும் அழற்சிப் பொருள்கள் மேலும் பல சி.டி.4 செல்களை அவ்விடத்துக்கு ஈர்க்கின்றன. வந்தவையும் அதே முடிவை அடைகின்றன.

இச்சுழலின் பெரிய களம் நம் குடல். உடலின் நோய் எதிர்ப்புச் செல்களில் பெரும்பகுதி குடற்சுவரை ஒட்டியே வாழ்கிறது. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே அங்குள்ள சி.டி.4 செல்கள் பெருமளவு அழிகின்றன. காவல் இழந்த குடற்சுவர் கசியத் தொடங்குகிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்களின் சிதைவுப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் உள்ள எதிர்ப்புச் செல்களை ஓயாமல் தட்டியெழுப்புகின்றன. 2006இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது.

தட்டியெழுப்பப்பட்ட செல் மிகுதியாக உண்கிறது. மிகுதியாக உண்ணும் செல் வைரசுக்கு எளிய இரையாகிறது. அது அழிய, குடற்சுவர் மேலும் நலிகிறது. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் சி.டி.4 செல்களில் குளுட்1 வாயில் மிகுந்திருப்பதை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர ஆய்வாளர்கள் 2014இல் பதிவு செய்தனர். மருந்து எடுக்காதவர்களில் அது எந்த அளவு மிகுந்திருந்ததோ அந்த அளவு சி.டி.4 எண்ணிக்கை குறைந்திருந்தது. மருந்து எடுத்துக்கொண்டோரிடமும் அம்மிகுதி முழுவதும் மறையவில்லை.

சர்க்கரை மட்டுமே இங்குச் செலவாவதில்லை. டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்தை நாம் பருப்பு, முட்டை, பால், இறைச்சி முதலியவற்றிலிருந்து பெறுகிறோம். அழற்சி நீடிக்கும்போது ஒரு நொதி அதை விரைந்து சிதைக்கிறது. சிதைவில் உண்டாகும் பொருள்கள், குடற்சுவரைக் காக்கும் தனிவகை சி.டி.4 செல்கள் உருவாவதைத் தடுக்கின்றன. நோய் முற்றுவதில் இதற்குப் பங்கு உண்டு.

களைத்துப்போகும் காவல் செல்கள்

சி.டி.4 செல்களுக்கு அடுத்து, தொற்றிய செல்களைத் தேடிக் கொல்லும் சி.டி.8 செல்கள் இருக்கின்றன. எச்.ஐ.வி. போன்ற தீராத் தொற்றில் இவை ஆண்டுக்கணக்கில் ஓய்வின்றிப் போரிட நேர்கிறது. முடிவில் இவற்றின் மைட்டோகாண்ட்ரியாக்கள் நலிந்து, எதிரியைக் கண்டும் செயல்பட இயலாத நிலை வருகிறது. அறிவியலாளர்களும் இதைக் களைப்பு என்றே குறிப்பிடுகின்றனர்.

மருந்தின்றி வைரசைக் கட்டுப்படுத்தும் அரிய மனிதர்களின் சி.டி.8 செல்களையும், கட்டுப்படுத்த இயலாதவர்களின் செல்களையும் பாஸ்டர் நிறுவனத்தினர் 2019இல் ஒப்பிட்டனர். பின்னவர்களின் செல்கள் குளுக்கோஸ் ஒன்றையே நம்பியிருந்தன. முன்னவர்களின் செல்கள் குளுக்கோஸ் குறைந்தாலும் வேறு எரிபொருளுக்கு மாறிக்கொள்ளும் திறன் பெற்றிருந்தன. நாம் மேலும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. களைத்த செல்களை ஆய்வகத்தில் ஒருவகைச் சமிக்ஞைப் புரதத்தோடு சேர்த்து வைத்தபோது அவற்றின் திறன் ஓரளவு மீண்டது. செல்லின் வலு என்பது பிறக்கும்போதே எழுதி முடிக்கப்பட்ட ஒன்றன்று என்பதற்கு இது சான்று.

சர்க்கரையை நிறுத்தினால் வைரஸ் சாகுமா?

இதுவரை படித்த எவருக்கும் ஓர் ஐயம் எழலாம். வைரஸ் குளுக்கோசை நம்பி வாழ்கிறது என்றால், உணவில் சர்க்கரையையும் சோற்றையும் நிறுத்திவிட்டால் போதாதா? இந்த ஐயத்தைக் காசாக்க வணிகர்கள் எப்போதும் ஆயத்தமாக இருக்கிறார்கள். எனவே இதற்கு நாம் விரிவாகவே விடை சொல்ல வேண்டியுள்ளது.

போதாது. அது ஆபத்தும்கூட. முதலாவதாக, நாம் பட்டினி கிடந்தாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் அளவு பெரிதாகக் குறைவதில்லை. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்தும், பின்னர் தசைப் புரதத்தைக் கரைத்தும் அந்த அளவைக் காக்கிறது. நலிவது தசையே. இரண்டாவதாக, வைரசை எதிர்க்கும் செல்களுக்கும் அதே எரிபொருள் வேண்டும். மூன்றாவதாக, சிவப்பணுக்களுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது. அவை குளுக்கோசை மட்டுமே நம்பியுள்ளன. மூளையும் பெருமளவு அதையே நம்பியுள்ளது. ஆய்வகக் குடுவையில் செல்களுக்குக் குளுக்கோசை மறுப்பதும் உயிருள்ள மனிதருக்கு மறுப்பதும் ஒன்றல்ல.

ஆய்வகங்களில் குளுக்கோஸ் உடைபடுவதைத் தடுக்கப் பயன்படும் பொருள் 2-டி.ஜி. எனப்படுவது. கோவிட் இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், இந்தியாவில் அவசர அனுமதி பெற்ற அதே பொருள்தான் அது. அந்த அனுமதிக்குக் காட்டப்பட்ட சான்றுகள் போதுமா என்று மருத்துவர் பலர் அப்போதே கேள்வி எழுப்பினர். எச்.ஐ.வி.க்கு அது மருந்தாக ஏற்கப்படவில்லை. நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் எம்டாரின் வேகத்தைத் தணித்து அழற்சியைக் குறைக்குமா என்பதைச் சிறு ஆய்வுகளில் பார்த்து வருகின்றனர். அதையும் எவரும் தாமாக வாங்கி உண்ணலாகாது.

வைரசைக் கட்டுப்படுத்துவது கூட்டு மருந்துச் சிகிச்சையான ஏ.ஆர்.டி. மட்டுமே. அதை ஏன் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும் என்பதையும் செல்லின் ஆற்றல் கணக்கே விளக்குகிறது. விழித்த நிலையில் தொற்றுக்கு உள்ளான செல்களில் சில, சாகாமல் மீண்டும் ஓய்வுக்குத் திரும்பிவிடுகின்றன. அவற்றின் மரபணுத் தொகுதியில் வைரசும் உறங்குகிறது. உறங்கும் வைரசை மருந்து தொடுவதில்லை. இந்த இருப்பு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகும் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. முழுவதும் ஒழிய ஓர் ஆயுட்காலம் போதாது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோரிடம் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டெழுகிறது. உறங்கும் இச்செல்களின் உணவு வழியைக் குறிவைத்து அவற்றை மட்டும் அழிக்க இயலுமா என்பது இன்றைய ஆய்வுகளின் பெரிய நம்பிக்கை. அது மருந்தாகி நம் கைக்கு வரும்வரை தினசரி மாத்திரைக்கு மாற்று இல்லை.

மருந்தும் மைட்டோகாண்ட்ரியாவும்

மருந்துகளின் கதையிலும் வளர்சிதை மாற்றத்துக்கு ஓர் இடம் உண்டு. அக்கதையில் ஏழைநாட்டு மக்களின் உடலில் எழுதப்பட்ட வரலாறும் அடங்கியுள்ளது.

கூட்டு மருந்தில் சேரும் மருந்துகளில் சில, டி.என்.ஏ. கட்டுமானத் துண்டுகளைப்போல வேடமிடுபவை. வைரசின் நொதி ஏமாந்து அவற்றை எடுத்துக் கோக்கும்போது எழுத்துவேலை நின்றுவிடுகிறது. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் தனக்கென ஒரு சிறிய டி.என்.ஏ. உண்டு, அதைப் படியெடுக்கும் நொதியும் சில மருந்துகளிடம் ஏமாறுகிறது. ஸ்டாவுடின் என்னும் மருந்து இதற்குப் பெயர்பெற்றது. அதை நெடுநாள் உண்டவர்களுக்கு மைட்டோகாண்ட்ரியா நலிந்தது. கைகால்கள் எரிந்தன, மரத்துப்போயின. சிலருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டிப்போனது.

2001இல் இந்திய நிறுவனமான சிப்லா, ஸ்டாவுடின் அடங்கிய மூன்று மருந்துகளின் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. ஒரு நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. பணக்கார நாடுகளில் அதே சிகிச்சை அப்போது ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்றது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இலட்சக்கணக்கானோர் உயிர் பிழைக்க இந்த விலைவீழ்ச்சி வழிவகுத்தது. 2004 ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. வழங்கத் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை முதற்கட்ட மையங்களுள் ஒன்று. அத்திட்டத்திலும் ஸ்டாவுடின் இடம்பெற்றிருந்தது.

பணக்கார நாடுகள் ஸ்டாவுடினைக் கைவிட்ட பின்னரும் ஏழைநாடுகளின் திட்டங்களில் அது தொடர்ந்தது. படிப்படியாக அதை நிறுத்துமாறு உலக சுகாதார நிறுவனம் 2009இல்தான் பரிந்துரைத்தது. உயிரைக் காத்த மருந்தே முகத்தில் அடையாளமும் இட்டது. தம் நிலையை வெளியே சொல்லாமல் வாழும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஒட்டிய கன்னம் அவ்வுரிமையை ஊரறியப் பறித்துக்கொண்டது. மலிவான மருந்து வேண்டும் என்ற கோரிக்கையோடு பாதுகாப்பான மருந்தும் வேண்டும் என்ற கோரிக்கையும் சேர்ந்தே எழ வேண்டும் என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

இன்று நம் நாட்டுத் திட்டத்தில் முதன்மையாக வழங்கப்படுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை. இது முந்தையவற்றைவிடப் பலமடங்கு பாதுகாப்பானது. எனினும் டோலுடெக்ராவிர் எடுப்போரில் சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, உடல் எடை கூடுவது தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்றில் 2019இல் தெரியவந்தது. நீடிக்கும் அழற்சியால் இதயநோய் வாய்ப்பும் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கு மிகுதி. இந்தியா உட்பட 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், பிட்டாவாஸ்டாடின் என்னும் கொழுப்புக் குறைப்பு மருந்து இதயப் பாதிப்புகளை 35 விழுக்காடு குறைத்தது. ஆகவே வைரஸ் அளவைப் பார்ப்பதோடு நில்லாமல் எடை, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் சிகிச்சையின் பகுதியாகவே பார்க்க வேண்டும்.

பட்டினி என்னும் இணைநோய்

செல்லுக்கு உணவு மிகுந்தால் வைரசுக்கு வசதி என்று மேலே பார்த்தோம். அதைக்கொண்டு, உணவு குறைந்த உடல் பாதுகாப்பான உடல் என்று எவரும் கருதிவிடக் கூடாது. நிகழ்வது இதற்கு நேர்மாறு. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்னும் இயக்குநீர், டி செல்கள் விழித்தெழும்போது குளுக்கோசை ஈர்க்க உதவுகிறது. உடல் மெலிந்தால் லெப்டின் குறைகிறது. செல்கள் எழ முயன்றும் எரிபொருளின்றித் தளர்கின்றன. டி செல்கள் முதிர்ச்சி பெறும் தைமஸ் சுரப்பியும் ஊட்டக்குறைவால் சுருங்குகிறது. எச்.ஐ.வி. தொற்றியவரின் உடலில் அழற்சி ஒருபுறம் ஆற்றலைக் கரைக்க, பட்டினி மறுபுறம் வரவை அடைக்கிறது. சிகிச்சை தொடங்கும்போது உடல் எடை மிகக் குறைந்திருந்தவர்கள் முதல் சில மாதங்களில் இறக்கும் வாய்ப்பு மிகுதி என்பது ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் பலவற்றில் திரும்பத்திரும்பக் காணப்பட்ட உண்மை.

எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் உயிரைப் பறிக்கும் நோய்களுள் முதலிடத்தில் இருப்பது காசநோய். ஊட்டக்குறைவு காசநோய்க்கும் வாயில் திறக்கிறது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீடுகளில் வாழ்ந்த 10,345 பேரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வை நாம் இங்கு நினைவுகூர வேண்டும். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சந்தால், ஹோ, முண்டா, ஒராவோன் முதலான பழங்குடியினர். மூன்றில் ஒருவர் ஊட்டக்குறைவு உடையவர். ஒரு பிரிவினருக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரைகள் வழங்கப்பட்டன. அப்பிரிவினரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. இது எச்.ஐ.வி. பற்றிய ஆய்வன்று. ஆயினும், அரிசியும் பருப்பும் நோய் எதிர்ப்பு ஆற்றலாக மாறுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

பட்டியலின, பழங்குடிப் பெண்களிடையே எடைக்குறைவும் ரத்தசோகையும் மிகுந்திருப்பதைத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. 'இவர்களுக்கு ரத்தத்தில் வலுவில்லை' என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இதுவே. வலுவின்மை என்று ஒன்று இருக்குமானால், அது கூலியிலும் நிலத்திலும் உணவுப் பங்கீட்டிலும் உருவாக்கப்பட்டது. உருவாக்கப்பட்டது என்பதால் மாற்றவும் கூடியது.

நாம் கேட்க வேண்டியவை

செல்களின் ஆற்றல் கணக்கைப் புரிந்துகொண்டால் கோரிக்கைகள் தாமே தெளிவாகின்றன.

முதலாவது, காலம் தாழ்த்தாத சிகிச்சை. குடற்சுவர் முதல் வாரங்களிலேயே நலியத் தொடங்குவதால், சி.டி.4 எண்ணிக்கை விழும்வரை காத்திருப்பதில் பொருளில்லை. உடனடிச் சிகிச்சை கடும் நோயையும் இறப்பையும் பாதிக்கும் மேல் குறைப்பதை 2015இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. 2017 முதல் இந்தியாவிலும் தொற்று உறுதியானதும் சிகிச்சை என்பதே கொள்கை. சென்னையும் பங்கேற்ற மற்றொரு பன்னாட்டு ஆய்வு, முன்கூட்டிய சிகிச்சை இணையருக்குத் தொற்று பரவுவதை 96 விழுக்காடு தடுப்பதை 2011இல் நிறுவியது. மருந்தால் வைரஸ் கண்டறிய இயலா அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. தொடுவதாலும் உடன் உண்பதாலும் அது எக்காலத்திலும் பரவியதில்லை. தீண்டாமையின் பொருளை அனுபவத்தால் அறிந்த நாம் இதை உரக்கச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இரண்டாவது, உணவு. மருந்துச் சீட்டோடு பருப்பும் முட்டையும் எண்ணெயும் உறுதிசெய்யப்பட வேண்டும். இதை இரக்கத்தின் பெயரால் தரப்படும் உதவியாகக் கருதலாகாது. சிகிச்சையின் பகுதியாகக் கோர வேண்டும். மூன்றாவது, முழுமையான கண்காணிப்பு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் வைரஸ் அளவுச் சோதனை, காசநோய்க்கான பரிசோதனையும் தடுப்பு மருந்தும், எடை, சர்க்கரை, இதயநலன் ஆகியவை ஏ.ஆர்.டி. மையத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் கிடைக்கின்றனவா என்று நாம் கேட்க வேண்டும்.

நான்காவது, சட்டம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. வேலை, கல்வி, மருத்துவம், குடியிருப்பு ஆகியவற்றில் பாகுபாட்டை அது தடை செய்கிறது. ஒப்புதலின்றிச் சோதிப்பதையும், ஒருவரின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதையும் தடுக்கிறது. புகார்களை விசாரிக்க மாநில அரசு குறைதீர்ப்பாளரை அமர்த்த வேண்டும். 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களும், 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் மருத்துவ நிறுவனங்களும் புகார் அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும். உங்கள் கல்லூரியிலும் மாவட்ட மருத்துவமனையிலும் அவ்வலுவலர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெயர் கிடைக்கவில்லையென்றால், எழுத்து வடிவில் மனுக் கொடுப்பதிலிருந்து நம் வேலையைத் தொடங்கலாம்.